தோட்டத்துக் கூடை

விளைபொருள்கள் இரு வகைப்படும். நல்ல விலை வரும் வரையில் காத்திருக்க வல்லவை ஒரு வகை. ஒரு நாளும் காத்திருக்க மாட்டாதவை மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிய விரும்புவோர் விருதுநகர் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

விருதுநகர் பண்டு விருதுபட்டி என வழங்கியது. 1923-ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றது. துவரை, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் வற்றல், எண்ணெய் முதலிய பொருள்களின் வாணிகத்தால் அவ்வூர்ச் சந்தை புகழ் பெற்றது. அச்சந்தையின் விலை நிலவரம் நாளிதழ்களில் வெளிவருகிறது. பிற ஊர் வணிகரும் அதனை நோக்கித் தம் விலையை அமைத்துக்கொள்வர். இப்பொருள்களுட் பெரும்பாலானவை உலர்ந்தவை. மூட்டையாகக் கட்டிக் கிடங்கில் அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். விலை தாழ்ந்தால் வணிகர் கிடங்கைப் பூட்டுவர்; விலை உயர்ந்தால் திறப்பர்.

சிவகாசியின் செய்தியும் இதனை ஒத்ததே. மழை குறைந்து வெயில் மிகுந்த அவ்வட்டாரத்தில் உழவுக்கு இடர்ப்பாடு மிகுதி. ஆயினும், தீக்குச்சியும் பட்டாசும் உலர்வதற்கு அவ்வெயிலே பெருந்துணை ஆயிற்று. தீபாவளி என்னும் ஒரு திருநாளை எண்ணி அங்கு ஆண்டின் பெரும்பகுதியும் பட்டாசு செய்கின்றனர். சித்திரையில் செய்த வெடி ஐப்பசியில் வெடிக்கும். இடைப்பட்ட காலத்தில் அது கிடங்கில் அமைதியாக உறங்கும்.

கத்தரிக்காயோ அவ்வாறு உறங்காது. அதே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாகிய இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் கண்மாய் நீரும் கிணற்று நீரும் உழவுக்கு உதவுகின்றன. கிணறு உள்ள இடங்களில் உழவர் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கீரை முதலியன பயிரிடுகின்றனர். விடியற்காலையில் பறித்த கீரை நண்பகலில் வாடத் தொடங்கும். பழுத்த தக்காளி சில நாள்களிற் குழையும். வெண்டைக்காயைப் பறிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் முற்றி நாராகும்; பறித்து வைத்தால் சுருங்கும். ஆகவே, துவரை விளைத்தவர் விலை கேட்டு நிற்கலாம்; கீரை விளைத்தவர் அங்ஙனம் நிற்க இயலாது. காலம் அவரைத் துரத்துகிறது. மாதக்கணக்கில் உழைத்த உழைப்பின் பயனை அவர் ஒரு காலைப்பொழுதில் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

உழவர் பறித்த காய் நுகர்வோரின் அடுக்களையை அடையும் வழி நீண்டது. முதலில் அது மண்டிக்குச் செல்கிறது. அங்குத் தரகர் முன்னிலையில் ஏலம் நடைபெறும். வண்டி வாடகை, இறக்குகூலி, தரகு ஆகியவை கழியும். மொத்த வணிகர் வாங்கிச் சில்லறை வணிகருக்கு விற்பார். சில்லறை வணிகர் கடையில் பரப்பித் தெருவாருக்கு விற்பார். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையும் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரச் சந்தையும் இத்தகைய பெரிய மொத்தச் சந்தைகளாகும். இடையில் நிற்போர் அனைவரையும் பழிப்பது பொருந்தாது. அவர்களும் உழைக்கின்றனர், அழுகிய காயின் நட்டத்தையும் தாங்குகின்றனர். ஆயினும் கைகள் பல ஆகுந்தோறும் முதற்கைக்குக் கிடைப்பது குறைகின்றது. இந்திய ரிசர்வ் வங்கி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விளைத்தவர் பெறுவது ஏறத்தாழ 33 காசு; வெங்காயம் விளைத்தவர் பெறுவது 36 காசு; உருளைக்கிழங்கு விளைத்தவர் பெறுவது 37 காசு என்பது அதன் முடிவு.

இந்நெடுவழியைக் குறுக்குவதற்கு வழி உண்டா? உண்டு. அது புதியதும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்குலப் பெண் ஒருத்தி தான் கடைந்த மோரைத் தலையில் சுமந்து சென்று விற்று, அதற்கு ஈடாகத் தானியம் பெற்று வரும் காட்சி சொல்லப்படுகிறது. கறந்தவரே கடைந்தார்; கடைந்தவரே விற்றார். பறித்த கீரையைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்கும் மூதாட்டியும் அம்மரபைச் சேர்ந்தவரே ஆவார். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் அகத்திக்கீரை கேட்பார், யார் முருங்கைக்கீரை கேட்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவ்வறிவே அவருடைய முதல்.

இம்மரபை ஓர் ஒழுங்கான ஏற்பாடாக ஆக்கிய நாடுகள் சில உள. ஜப்பானில் 1970-களில் நகரத்து இல்லத்தரசியர் தம் பிள்ளைகள் உண்ணும் உணவில் நச்சு மருந்து கலந்திருக்குமோ என்று அஞ்சினர். அவர்கள் குழுவாகச் சேர்ந்து உழவரை நேரே அணுகினர். உழவர் நஞ்சின்றி விளைவிப்பது, குடும்பத்தார் விளைந்ததை வாங்கிக்கொள்வது என்று இரு சாராரும் உடன்பட்டனர். இவ்வுறவிற்கு அவர்கள் ‘தெய்க்கெய்’ என்று பெயரிட்டனர். கைகோத்து நடத்தல் என்பது அச்சொல்லின் கருத்தாகும். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரையடுத்து 1978-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுத் தோட்டம் தோன்றி, உறுப்பினர்க்கு வாரந்தோறும் காய்கறி வழங்கலாயிற்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூஹாம்ப்ஷயர் மாநிலங்களில் 1986-ஆம் ஆண்டளவில் இவ்வழக்கம் வேர்கொண்டது. அங்கு உறுப்பினர்கள் விதைக்கும் காலத்திலேயே பணம் கொடுத்துவிடுவர். அறுவடைக் காலத்தில் தத்தம் பங்கைப் பெறுவர். விளைச்சல் மிகுந்தால் கூடை நிறையும். பூச்சியாலோ மழையாலோ விளைச்சல் குன்றினால் கூடையும் குறையும். நட்டம் உழவர் ஒருவர் தலையில் மட்டும் விழாது. உண்போர் அனைவரும் அதனைப் பகிர்ந்துகொள்வர். இப்பகிர்வே இம்முறையின் உயிர்நாடி.

நம் நாட்டில் இம்முயற்சி சந்தை வடிவில் தோன்றியது. பஞ்சாபில் 1987-ஆம் ஆண்டில் ‘அப்னி மண்டி’ தொடங்கப்பெற்றது. ஆந்திரப் பிரதேசத்தில் 1999-ஆம் ஆண்டு சனவரியில் ‘ரைத்து பஜார்’ தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. இன்று மாநிலத்தில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன. விருதுநகர், சிவகாசி, இராசபாளையம், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிலும் அவை அமைந்துள்ளன.

உழவர் சந்தையில் விற்பவர் உழவராகவே இருத்தல் வேண்டும். அதிகாரிகள் நிலத்தையும் பயிரையும் நேரில் பார்த்து, ஒளிப்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்குவர். கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை, தராசும் சந்தையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு நாளும் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பர். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்குமாறு அவ்விலை அமைதல் வேண்டும் என்பது கொள்கை. ஒரு கணக்கு இதனை விளக்கும். ஒரு கிலோ கத்தரிக்காயின் மொத்த விலை 20 ரூபாய் என்றும், கடை விலை 30 ரூபாய் என்றும் கொள்வோம். மொத்த விலையுடன் 20 விழுக்காடு சேர்த்தால் 24 ரூபாய். கடை விலையில் 15 விழுக்காடு கழித்தால் 25 ரூபாய் 50 காசு. இவ்விரண்டிற்கும் இடையே சந்தை விலை நிற்கும். 25 ரூபாய்க்கு விற்றால் உழவருக்கு மண்டியைவிட 5 ரூபாய் கூடுதல். வாங்குவோருக்குக் கடையைவிட 5 ரூபாய் மிச்சம். ஒரே காயில் இருவர்க்கும் பயன் உண்டாகின்றது.

சந்தையினும் ஒரு படி மேலே செல்வது, கூடையை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் முறை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது அதன் அருமை புலப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. சென்னைக் கோயம்பேட்டுப் பெருஞ்சந்தையே நோய் பரவும் இடமாகி, மே 5-ஆம் நாள் மூடப்பெற்றது. ஒருபுறம் வயல்களில் காய் பறிப்பாரின்றி முற்றியது. மறுபுறம் வீடுகளில் காய் கிடைக்காமல் மக்கள் வருந்தினர். அந்நாளில் பல மாவட்டங்களில் பலவகைக் காய்களை ஒரே பையில் இட்டுத் தொகுப்பாக விற்றனர். காய்கறி வண்டிகள் தெருக்களுக்குச் சென்றன. உழவர் சிலர் தொலைபேசி வழியாகவே வேண்டுவோர் பட்டியலைப் பெற்று, காய்களைத் தாமே கொண்டு சேர்த்தனர். இடர்க்காலத்தில் கற்ற இப்பாடம் இடர் நீங்கிய பின்னும் மறத்தற்குரியது அன்று.

இத்தகைய கூடை சிவகாசி வட்டாரத்திற்கு ஏற்றதாகுமா? பட்டாசு ஆலைகளில் பணிபுரியும் பெண்கள் பலர் காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்படுவர், மாலையில்தான் திரும்புவர். உழவர் சந்தை கூடும் காலை வேளை அவர்களுக்கு வாய்ப்பதில்லை. மாலையில் கடையில் எஞ்சியிருக்கும் வாடிய காயையே அவர்கள் வாங்க நேர்கிறது. காலையில் பறித்த காய் மாலையில் தெரு முனைக்கு வந்து சேருமானால் அவர்கள் பெறும் நன்மை பெரிது. ஆனால், பருவம் முழுமைக்கும் உரிய பணத்தை முன்னரே கட்டுதல் கூலி வாங்கும் குடும்பத்தால் இயலாது. அயல்நாட்டு முறையை அப்படியே பின்பற்றாமல், வாரக் கூலி பெறும் நாளில் அவ்வாரத்துக் கூடைக்கு மட்டும் பணம் கொடுக்கும் வகையில் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கும் எளியதே. ஒரு தெருவில் 50 வீடுகள் சேர்ந்து, வாரத்திற்கு வீட்டிற்கு 4 கிலோ வேண்டும் எனச் சொன்னால், உழவர் 200 கிலோ காய் அனுப்பவேண்டும். தேவை முன்னரே தெரிவதால், அவர் எல்லா நாற்றையும் ஒரே நாளில் நடமாட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தி என முறை வைத்து நடுவார். முதல் நாள் மாலையில் பட்டியலைப் பார்த்து, மறுநாள் விடியலில் வேண்டிய அளவே பறிப்பார். பறித்தது வீணாகாது. ஐம்பது வீடுகளுக்கும் ஒரே வண்டி போதும். ஒரு வீட்டிற்கென ஒரு வண்டி ஓடினால் காயின் விலையை வாடகையே விழுங்கிவிடும். ஆதலின், அண்டை வீட்டார் ஒன்றுசேர்தல் இன்றியமையாதது.

இதில் இரு சாராருக்கும் கடமை உண்டு. மேலே நல்ல காயும் அடியில் சொத்தைக் காயும் வைத்து அனுப்புதல் உழவர்க்கு அழகன்று. எடை குறையலாகாது, பிற ஊர்க் காயை மண்டியில் வாங்கித் தம் தோட்டத்துக் காய் என்று சொல்லலாகாது. வாங்குவோரும், நிலம் கொடுப்பதை ஏற்கும் மனம் பெறவேண்டும். கேரட்டும் முட்டைக்கோசும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைபவை. வெயில் மிகுந்த கரிசற் காட்டுத் தோட்டத்தில் அவற்றை எதிர்பார்த்தல் முறையன்று. கத்தரி மிகுந்த வாரத்தில் கத்தரியும், கொத்தவரை காய்த்த வாரத்தில் கொத்தவரையும், சுரையும் பீர்க்கும் படர்ந்த காலத்தில் அவையும் கூடையில் மிகுந்திருக்கும்.

எல்லாவற்றினும் அரிய கடமை ஒன்று உண்டு. சந்தையில் தக்காளி விலை ஏறும் நாளில் உழவர் மனம் மண்டியை நாடும். விலை சரியும் நாளில் வாங்குவோர் மனம் கடையை நாடும். அன்றுதான் இருவர் சொல்லும் சோதிக்கப்படுகிறது. விலை சரிந்ததென்று ஐம்பது வீட்டாரும் கூடையை மறுத்துவிட்டால், வேண்டுவோர் உண்டென்று நம்பிப் பயிரிட்டவர் என் செய்வார்? பறிகூலிக்கும் கட்டாத தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டும் அவல நிலை அவருக்கு மீண்டும் வரும். விலை ஏறியதென்று அவர் கூடையை அனுப்பாமற்போனால், அவரை நம்பியிருந்த குடும்பத்தார் மாலையில் வெறுங்கையுடன் நிற்பர். ஆகவே, இருவரும் ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய ஒரு நடுவிலையை முன்னரே பேசி முடித்தல் நன்று. இலாபம் இரண்டு நாள் குறைந்தாலும், நம்பிக்கை குறையாதிருப்பதே இருவர்க்கும் நெடுநாட் பயன் தரும்.

துவரையைக் கிடங்கு காக்கிறது. பட்டாசையும் கிடங்கு காக்கிறது. கத்தரிக்காயைக் காக்க வல்லது, ‘நாளை இன்னார் வீட்டிற்கு இது வேண்டும்’ என்று முன்னரே பெற்ற சொல்லே ஆகும். அச்சொல் தவறாத ஊரில் உழவர் உழைப்பும் வீணாவதில்லை. உழைத்துக் களைத்து வருவோர் உணவும் வாடுவதில்லை.

வினாக்கள்

1. உலர்ந்த விளைபொருளுக்கும் காய்கறிக்கும் வாணிகத்தில் உள்ள வேற்றுமை யாது?
2. உழவர் சந்தையில் விலை எவ்வாறு அமைக்கப்படுகிறது? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. ‘இப்பகிர்வே இம்முறையின் உயிர்நாடி’ – எப்பகிர்வு? ஏன்?
4. கூடை முறையில் உழவர்க்கும் வாங்குவோர்க்கும் உரிய கடமைகளைத் தொகுத்து எழுதுக.
5. உங்கள் ஊருக்கு அருகில் விளையும் காய்களைப் பருவவாரியாகப் பட்டியலிட்டு, ஒரு வாரக் கூடையில் இடம்பெறத்தக்கவற்றை எழுதுக.