சேச்சியின் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: கரமனையில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் டெக்னோபார்க்கில் வேலை. ஆறு வயது மகளை மாலை மூன்றிலிருந்து ஏழு மணிவரை ஒரு சேச்சி பார்த்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள், மாதம் 8,000 ரூபாய். சேச்சிக்கு வயது 35. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா, "ஆயா வெச்சா அரசாங்கத்துக்கும் கட்டணும், இல்லேன்னா வம்பு" என்கிறாள். இங்கேயும் அப்படியா? பி.எஃப். பிடிக்க வேண்டுமா?
– வாசகி, திருவனந்தபுரம்

பதில்: அக்கா சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே ஆயாவின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், வீட்டுக்காரரும் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு பென்ஷன் திட்டத்துக்குப் பங்கு கட்ட வேண்டும். இதில் சிக்கித்தான் 1993இல் ஸோயி பேர்ட் என்பவருக்கு அமெரிக்க அட்டர்னி ஜெனரல் பதவியே கைநழுவியது. ஆவணமில்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்து, அந்த வரியையும் கட்டாமல் விட்டிருந்தார்.

இங்கே அந்தப் பயம் வேண்டாம். சேச்சிக்கு நீங்கள் கொடுப்பது ஆண்டுக்கு 96,000. புதிய முறையில் 4 லட்சம் வரை வருமான வரியே கிடையாது, டி.டி.எஸ். பிடிக்கத் தேவையில்லை. பி.எஃப். சட்டம் 20 பேர், இ.எஸ்.ஐ. 10 பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கானது. வீடு அதில் வராது. இந்தச் செலவை உங்கள் வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

கட்டாயமானது குறைந்தபட்சக் கூலி. வீட்டு வேலைக்கும் கேரளத்தில் அது உண்டு. இப்போதைய விகிதத்தைத் தொழிலாளர் துறையின் தொழில் பவனில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓணப் புடவையை அதில் வரவு வைக்காதீர்கள்!

அக்காவின் ஊரில் வீட்டுக்காரர் கட்டும் பணம் கடைசியில் அந்த ஆயாவுக்கே பென்ஷனாகத் திரும்புகிறது. இங்கே யாரும் வசூலிப்பதில்லை. அதனால் சேச்சிக்கு யாரும் சேர்ப்பதும் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அது வரும்போது வரட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. சம்பளம் பிடிக்காமல் ஒருநாள் லீவு கொடுத்து, ஆதார், பாஸ்புக், மொபைலோடு சேச்சியை அக்ஷயா இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். முதலில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு. அடுத்து ஷ்ரம் யோகி மான்தன் பென்ஷன் திட்டம். 35 வயதில் சேர்ந்தால் அவர் பங்கு மாதம் 150 ரூபாய். மத்திய அரசும் அதே 150 போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 கிடைக்கும். அந்த 150ஐச் சம்பளத்தில் கழிக்காமல் மேலே போட்டுக் கொடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான விபத்துக் காப்பீடும் அவர் வங்கியிலேயே உண்டு.

சம்பளத்தையும் அவர் கணக்கிலேயே போடுங்கள். நாளைக்கு ஒரு கடன் கேட்டுப் போனால், வருமானத்துக்குச் சாட்சி அந்தப் பாஸ்புக்தான்.

பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் மாதத் தொகை ஏறும். அடுத்த ஓணத்துக்குள் முடித்துவிடுங்கள்.