ஆர்எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

போன வாரம் யூஸ்டு பைக் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "ப்ரோ, பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வருது. வாங்கிப் போட்டா நல்ல முதலீடுதானே?"

நேர்மையா சொல்றேன், எனக்கும் அந்த ஆசை உண்டு. எங்க அப்பா ஓட்டின வண்டி அது. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், அதே மாதிரி ஒண்ணைப் பார்த்ததும் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். அப்புறம்தான் ஆர்சி புக்கை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த இன்ஜின் நம்பர் வேற, வண்டியில் இருந்தது வேற. அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை. இன்றைய பாடம் அந்த 10,000 ரூபாயில் கற்றது.

ஏன் இந்த விலை?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். மைசூரில் தயாரான யெஸ்டியும் 1996-ல்தான் நின்றது. 1983-ல் வந்த ராஜ்தூத் 350 அதற்கும் முன்பே போய்விட்டது. புதுசா வராது, இருக்கிறதும் குறைஞ்சுக்கிட்டே போகுது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு விற்பவர் சொல்வதுதான் விலை.

ஆனா ஒண்ணு கவனிங்க. தங்கத்துக்கு தினமும் மார்க்கெட் ரேட் இருக்கு. இதுக்கு இல்லை. ஆன்லைன் விளம்பரத்தில் பார்க்கிறது கேட்கிற விலை மட்டும்தான். எவ்வளவுக்குக் கைமாறியது என்பது யாருக்கும் தெரியாது.

உண்மையான செலவு என்ன?

ஒரு உதாரணம். வண்டி விலை 1,20,000 ரூபாய். கையில் காசு இல்லை, 14% வட்டியில் 3 வருஷ பர்சனல் லோன் எடுக்கிறீங்க.

- இஎம்ஐ சுமார் 4,100 ரூபாய். 36 மாதத்தில் கட்டுவது சுமார் 1,47,600
- இன்ஜின் வேலை, பெயின்ட், டயர், வயரிங்: 40,000 என்று வைப்போம்
- தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் (75 முதல் 150 சிசி வரை வருஷம் 714 + ஜிஎஸ்டி): 3 வருஷத்துக்கு சுமார் 2,500
- ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம்: 2,000

மொத்தம் சுமார் 1,92,000 ரூபாய். பெட்ரோல், 2டி ஆயில், பெயர் மாற்றச் செலவு இதில் சேரவில்லை.

அதாவது நஷ்டமில்லாமல் வெளியே வரணும்னாலே மூணு வருஷத்தில் வண்டி விலை 60% ஏறணும். வருஷத்துக்கு கிட்டத்தட்ட 17%. அந்த விலைக்கு வாங்க ஆளும் கிடைக்கணும். இதை முதலீடுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

பேப்பர்தான் பாதி வண்டி

1. நம்பர்கள்: சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் வண்டியில் நேரில் பார்த்து, ஆர்சியோடு ஒப்பிடுங்க. இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்டிஓ-வில் பதிவாகியிருக்கணும். தேய்ச்சு, திரும்பக் குத்தின மாதிரி தெரிஞ்சா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

2. ஆன்லைன் பதிவு: பழைய புக் ஆர்சி பல இன்னும் ஆன்லைனில் ஏறலை. எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி வரலைன்னா, பதிவு செய்த ஆர்டிஓ-விலேயே ஏற்றித் தரச் சொல்லுங்க. அது விற்பவரோட வேலை.

3. ஆர்சி காலம்: முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமா புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 2,000 ரூபாய். காலாவதியாகி பல வருஷம் ஆயிருந்தா அபராதமும் சேரும்.

4. வெளிமாநில வண்டி: என்ஓசி வேணும். அதுக்கு மேல நம்ம ஊர் வரியும் கட்டணும். "டெல்லி வண்டி, விலை கம்மி"ன்னு சொன்னா, இந்த ரெண்டையும் கூட்டிப் பாருங்க.

5. பெயர் மாற்றம்: ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க. ஆர்சியில் இருக்கிற பேரும் எதிரில் நிற்கிற ஆளும் ஒண்ணுதானான்னு பாருங்க. மூணு கை மாறியும் முதல் ஓனர் பேரிலேயே ஓடுற வண்டிகள் நிறைய இருக்கு. முதல் ஓனர் இறந்திருந்தா, வாரிசுகள் பேருக்கு மாறின பிறகுதான் பேச்சு.

திருடு போனா?

நிறைய பேர் யோசிக்காத இடம் இது. தேர்ட் பார்ட்டி பாலிசி அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு மட்டும்தான். உங்க வண்டி காணாமல் போனா ஒரு ரூபாய் வராது. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ணுவது. இவ்வளவு பழைய வண்டிக்கு முழு கவரேஜ் கிடைப்பது கஷ்டம். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேளுங்க. "கிடைக்காது"ன்னு பதில் வந்தா, 1.6 லட்சத்தைப் பாதுகாப்பு இல்லாமல் ரோட்டில் நிறுத்துறீங்கன்னு அர்த்தம்.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆசைக்கு வாங்குங்க, லோன் போட்டு வாங்காதீங்க. மாசம் 5,000 ரூபாய் ஆர்டி-யில் 24 மாதம் போட்டா, 6.5% வட்டியில் சுமார் 1.28 லட்சம் வரும். வட்டி கட்ட வேண்டிய நீங்க வட்டி வாங்குறீங்க. கையில் முழுப் பணத்தோடு போனா பேரம் பேசவும் தைரியம் வரும். நடுவில் கிடைக்கும் ரெண்டு வருஷத்தில் பத்து வண்டி பாருங்க, ஒரு நல்ல டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்கைப் பழக்கம் பிடிங்க.

எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. ஆபீஸ் போக வேற வண்டி இருக்கணும். காலையில் பழைய வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா மேனேஜர் ஒத்துக்க மாட்டார்!

இந்த வார ஹோம்வொர்க்: நீங்க கண்ணு வச்சிருக்கிற வண்டிக்கு மேலே சொன்ன கணக்கை ஒரு பேப்பரில் போடுங்க. கடைசி வரியில் வரும் தொகையைப் பார்த்த பிறகும் ஆசை குறையலைன்னா, நாளைக்கே ஆர்டி தொடங்குங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!