லேப்டாப்பில் ஒட்டிய ஸ்டிக்கரும் பசையும்: சேதமின்றி நீக்குவது எப்படி?

பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் சித்தி மகளுக்கு என் பழைய லேப்டாப்பைக் கொடுக்க முடிவு செய்தேன். ராம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸைப் புதிதாக நிறுவி முடித்தேன். அவளோ மூடியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முதல்ல இந்த ஸ்டிக்கரையெல்லாம் எடுத்துடுங்க. யாரோ யூஸ் பண்ணினதுன்னு கிளாஸ்ல தெரியக் கூடாது" என்றாள். கல்லூரி நாட்களில் நான் ஒட்டியவை, மொத்தம் ஏழு!

எனக்குக் கொஞ்சம் பயம்தான். விடுதியில் அறை நண்பனின் லேப்டாப்பில் பசையை எடுக்கிறேன் என்று நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேய்த்தவன் நான். பசை போனது. கூடவே மூடியின் பளபளப்பும் போய், உள்ளங்கை அளவுக்கு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. காரணம் அதிலிருந்த அசிட்டோன். லேப்டாப் மூடிகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே அது கரைக்கும். பெயிண்ட் தின்னரும் வேண்டாம்.

எதை உரிக்கக் கூடாது?

முதலில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். டிரைவர் தேடவும் வாரன்டிக்கும் அது தேவை. 2012ல் விண்டோஸ் 8 வருவதற்கு முந்தைய லேப்டாப்களில் 25 எழுத்துகள் கொண்ட ப்ராடக்ட் கீ ஸ்டிக்கரும் இருக்கும். இரண்டையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கின் லேபிளையும் உரிக்க வேண்டாம். சிலவற்றில் உள்ளே செல்லும் துளையை மூடியிருப்பதே அந்த லேபிள்தான். தூசி நுழைந்தால் டேட்டா போச்சு! சில எஸ்எஸ்டி லேபிள்களில் வெப்பத்தைப் பரப்ப செம்புத் தகடு இருக்கும். அதையும் விட்டுவிடுங்கள்.

செய்முறை

1. லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாக வருமானால் அதையும் எடுத்துவிடுங்கள்.

2. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், அரையடி தள்ளிப் பிடித்து, ஸ்டிக்கரின் மேல் அசைத்துக்கொண்டே அரை நிமிடம் காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். ஸ்டிக்கர் பசை சூட்டில் இளகும் தன்மை கொண்டது. திரை, பேட்டரி இருக்கும் பகுதிகளில் சூடு காட்டாதீர்கள்.

3. காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரு மூலையைக் கிளப்புங்கள். பிளேடு, கத்தி வேண்டாம். பிறகு மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மேல்தாள் மட்டும் வரும், பசை தங்கிவிடும்.

4. மிச்சமிருக்கும் பசை மேல் செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். பசையோடு பசை ஒட்டிக்கொண்டு வரும்.

5. அதற்கும் வராத பசைக்கு, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி 15 நிமிடம் ஊற விடுங்கள். எண்ணெய் பசைக்குள் இறங்கி அதைத் தளர்த்தும். கார்டால் வழித்தெடுங்கள். கீபோர்டு, காற்றுத் துவாரங்கள் பக்கம் எண்ணெய் போகக் கூடாது.

6. கடைசியாக, மென்மையான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். லேப்டாப் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். மூலையில் சிறிது தடவி, நிறம் மாறவில்லை என்று பார்த்தபின் தொடருங்கள். இது எளிதில் தீப்பற்றும். ஈரம் காயும்வரை ஹேர் டிரையரை ஆன் செய்யவே கூடாது.

திரையில் பசை இருந்தால் ஆல்கஹாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மேற்பூச்சு கெடலாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.

நிழல் மட்டும் போகவில்லையா?

ஏழு ஸ்டிக்கரையும் எடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பசை முழுவதும் போயும், ஓரிடத்தில் வட்டமாக ஒரு நிழல் மட்டும் தெரிந்தது. அது அழுக்கல்ல. சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டு நிறம் மாறியிருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது மாறவில்லை. துடைப்பதால் இது போகாது. தேய்க்கத் தேய்க்க மூடிதான் கெடும்.

தங்கையிடம் இதைச் சொன்னேன். "அவ்வளவுதானே அண்ணா?" என்றவள், மறுநாளே அந்த நிழலின் மேல் புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டாள்! நல்லவேளை, வினைல் ஸ்டிக்கர். காகித ஸ்டிக்கர் போல் கிழியாமல் முழுதாக உரிந்து வரும். நீங்களும் ஒட்டுவதானால் வினைலையே வாங்குங்கள்.