கடலோரச் சுற்றுலாவுக்கு இடம் தேர்தல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)

தை பிறந்துவிட்டால் நம் கல்லூரியில் துறைதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு: "இந்த ஆண்டு எங்கே போகிறோம்?" பத்து நிமிடத்தில் பத்து ஊர்களின் பெயர்கள் கரும்பலகையில் ஏறிவிடும். கை தூக்கச் சொன்னால் ஒன்று தேறிவிடும். ஏன் அந்த ஊர், ஏன் மற்றொன்று அன்று என்று ஆராய்வோர் குறைவு. தேர்வுத் தாளுக்குக் காட்டும் கவனத்தில் கால் பங்கையாவது இதற்கும் காட்டலாம் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன். பிச்சாவரம் முதல் கோடியக்கரை வரையுள்ள நமது காவிரிப் படுகைக் கடற்கரையே என் எல்லை.

முதலில் காசு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு சுற்றுலாவுக்குக் கேட்ட தொகை என் தாயாரின் இரண்டு நாள் நடவுக் கூலி. என்னால் எப்படியோ செல்ல முடிந்தது. உடல்நலமில்லை என்று சொல்லி வராமல் நின்றுவிட்ட தோழியர் சிலருக்கு உண்மையில் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. ஆகவே தனிப் பேருந்து அமர்த்தாமல் அரசுப் பேருந்திலேயே போய்த் திரும்பக்கூடிய ஊரா என்பது என் முதல் அளவுகோல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற திட்டம் 2021 இல் வந்த பிறகு எங்களுக்குச் செலவு இன்னும் குறைந்தது. (மாணவத் தோழர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடலாம்.) கட்டுச்சோறு இருக்கவே இருக்கிறது. புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் வெல்லும் உணவகம் எந்தக் கடற்கரையிலும் இல்லை.

அடுத்தது பருவம். நம் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலும் கொந்தளிக்கும், புயலும் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மணல் கால் வைக்க விடாது. எனவே தை பிற்பகுதியும் மாசியுமே தக்க காலம். அன்றாடக் காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவு வெப்பத்தைக் கொடுத்தால் மணல் விரைவில் சூடேறும். ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்ப ஏற்புத்திறன் கொண்ட நீர் மெல்லத்தான் சூடேறும். தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பிய பிறகே கடற்காற்று உள்ளே வரும். பெரும்பாலும் அது முற்பகல் முடியும் வேளையில் தொடங்கும். காலை ஒன்பது மணிக்கே கடற்கரையில் போய் இறங்கி, "காற்றே இல்லையே" என்று குறைப்படுவதில் பொருளில்லை.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவது. ஆண்டுதோறும் சுற்றுலா சென்ற மாணவர்கள் கடலில் மூழ்கிய செய்தி நாளிதழில் வராமல் இருப்பதில்லை. அவர்களுள் நீச்சல் அறிந்தவர்களும் உண்டு. காரணத்தை நம் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். கரையை நெருங்கும் அலையின் உயரம் அங்குள்ள நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைந்து நுரைக்கிறது. அப்படியானால் இருபுறமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் ஓரிடம் அமைதியாகத் தெரிந்தால் என்ன பொருள்? அங்கே ஆழம் அதிகம் என்று பொருள். கரையில் அலைகள் கொண்டுவந்து கொட்டிய நீர் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. குளிக்க வருபவரோ "இங்கே அலை இல்லை" என்று அவ்விடத்தையே தேர்ந்தெடுக்கிறார்! இந்த இழுவை ஓட்டம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் எட்டும். 100 மீட்டரை 50 நொடியில் நீந்தும் வீரர்கூட அதை எதிர்த்தால் நின்ற இடத்திலேயே நிற்பார். நம்மைப் போன்றோர் களைத்துப் போவோம். சிக்கிக்கொண்டவர் கரையை நோக்கி நீந்தக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓட்டத்தின் அகலத்தைக் கடந்த பின்னரே கரை திரும்ப வேண்டும். இதை அறியாத ஒருவர்கூட நம் பேருந்தில் ஏறக்கூடாது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு ஊர்களைப் பார்ப்போம்.

பூம்புகாரை அறியாத தமிழர் இலர். 1973 இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து பேருந்தும் உண்டு. ஆயினும் காவிரி கடலோடு கலக்கும் இடம். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரை. பார்க்கலாம், படிக்கலாம், குளிக்க நான் சம்மதியேன்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வெளிமான்களையும் குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளையும் அங்கே காணலாம். ஆனால் எண்பது பேர் பாட்டும் கூத்துமாக இறங்கினால் பறவை ஒன்றும் காத்திராது. விலங்கியல் துறையார் பத்துப் பேராகச் செல்லட்டும்.

பிச்சாவரம் சிதம்பரத்துக்கு அருகில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அலையாத்திக் காடு. தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம் இன்றும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் கிளை ஒடிக்கும் பழக்கமுள்ள நண்பர்கள் எச்சரிக்கை! சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குவதைப் படகிலிருந்தே காணலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்காடு பின்னாலிருந்த சிற்றூர்களுக்கு ஓரளவு காப்பாக நின்றது என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். குறை ஒன்றுதான்: படகுக் கட்டணம். எண்பது பேருக்குக் கூட்டிப் பார்த்தால் மீண்டும் என் தாயாரின் நடவுக் கூலிக்கே வந்து நிற்கிறேன்.

எனவே தரங்கம்பாடியை முன்மொழிகிறேன். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனிஷ்காரர் 1620 இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை அங்கே உள்ளது. 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சுக்கு ஆற்றிய தொண்டை வரலாற்றுத் துறையார் சொல்லட்டும். கடல் அரித்துத் தின்றது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில் 1306 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடலரிப்பைப் பற்றி அதைவிட நல்ல பாடம் எந்த நூலில் கிடைக்கும்?

"ஓசோன் காற்று மிகுந்த கடற்கரை" என்று இவ்வூரைப் புகழ்வார்கள். புகழ்வோர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு. நாம் கடல் மணம் என்று ரசிப்பதில் பெரும்பங்கு கடல்நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஒரு கந்தகச் சேர்மம். காற்று நன்றாக இருக்கிறது என்றாலே போதுமே!

மாணவியருக்காக ஒரு சொல். வெளிப்படையாகப் பேச நாணுவதால் இது எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. கழிப்பறை இல்லாத இடமென்று தெரிந்தால் எங்களில் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் மயங்கி விழுபவரைப் பார்த்துப் பின்னர் வியப்பதைவிட, எந்த ஊராயினும் பேராசிரியர் ஒருவரும் மாணவி ஒருவரும் முன்னதாகச் சென்று பெண்களுக்கான கழிப்பறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வரவேண்டும். கோட்டை அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் அன்றே கேட்டுவரலாம்.

தரங்கம்பாடியில் நாளை இப்படி வகுக்கலாம். முற்பகலில் கோட்டையும் தெருக்களும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கதிரவன் மேற்கே சாய, கோட்டைச் சுவரின் நிழல் கடற்பக்கம் விழும். கடற்காற்றும் அப்போது எதிரே வீசும். கட்டுச்சோற்றை அங்கே பிரிக்கலாம். வலை உலர்த்தும் இடங்களில் பந்தாட வேண்டாம். அது மீனவர்களின் தொழிற்கூடம், 2004 இல் உறவுகளை இழந்தவர்கள் வாழும் கரை. இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்துவர இரண்டு சாக்குகள் போதும். சாக்குகளை நானே கொண்டுவருகிறேன்.