தலையில்லாக் கடிதங்கள்

(மூன்றாமாண்டு, பி.ஏ. வரலாறு)

அஞ்சல் தலை சேகரிப்போர் நம் கல்லூரியில் பலர் உண்டு. ஆனால், அஞ்சல் தலையே ஒட்டப்படாத கடிதங்களைச் சேகரிப்பவன் நான் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். அவர்களுக்கு விடை கூறவும், நான் செய்த ஒரு பிழையைப் பிறர் செய்யாதிருக்கவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் ஊர் சேர்வராயன் மலையிலுள்ள வாழவந்தி. என் தாத்தா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது, குப்பைக்குப் போகவிருந்த பழங்காகிதங்களில் ஒரு கட்டை எடுத்து வந்து தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு விடுமுறையில் அதைத் திறந்தேன். உறையின்றி மடித்து அரக்கு வைத்த ஆங்கிலக் கடிதங்கள் சில கிடைத்தன. அவற்றில் தலை ஏதும் இல்லை. சிவப்பு, கறுப்பு மையில் குத்திய முத்திரைகள் மட்டுமே இருந்தன. ஏழு கடிதங்களின் முத்திரைகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினேன். மீதிக் காகிதம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. எட்டாவது கடிதம் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் தப்பியது.

நான் எரித்தது என்ன என்பது கல்லூரிக்கு வந்து தபால் வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

முத்திரை பிறந்த கதை

இங்கிலாந்தின் தபால் தலைவராயிருந்த ஹென்றி பிஷப் என்பவர் 1661-இல் ஒரு சிறு வட்ட முத்திரையை ஏற்படுத்தினார். அதில் மாதமும் தேதியும் மட்டும் இருந்தன. கடிதம் எந்நாளில் தபாலுக்கு வந்தது என்று தெரிந்துவிட்டதால், ஊழியர் தாமதம் செய்ய இடமில்லாமற் போயிற்று. இவ்வகை முத்திரை பின்னர் கல்கத்தாவிலும் வழங்கியது.

கம்பெனி ஆட்சியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774-இல் தபாலைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். நூறு மைலுக்கு இரண்டு அணா என்பது கட்டணம். சென்னையின் பொதுத் தபால் நிலையம் 1786-இல் அமைந்தது. 1837-ஆம் ஆண்டுச் சட்டம் தபாலைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கிற்று. எடையும் தூரமும் கூடக்கூடக் கட்டணமும் கூடியது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.7 கிராம் எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய் ஆயிற்று. ஏழைக்குக் கடிதம் எட்டாக்கனியாய் இருந்ததில் வியப்பில்லை.

அக்காலத்தில் அனுப்புவோர் பணத்தை ரொக்கமாகக் கட்டலாம், கட்டாமலும் விடலாம். கட்டினால் 'போஸ்ட் பெய்டு' என்ற முத்திரை விழும். கட்டாவிட்டால் 'பேரிங்' என்ற முத்திரை விழும். பெறுபவர் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நம் பெரியவர்கள் பேச்சில் வரும் 'பேரிங் கடிதம்' இதன் வழி வந்ததே. பெரும்பாலும் கட்டியதற்குச் சிவப்பு மையும் கட்டாததற்குக் கறுப்பு மையும் வழங்கின. தொகையைக் குமாஸ்தா கையால் எழுதினார்.

இங்கிலாந்தில் ரோலண்டு ஹில்லின் முயற்சியால் 1840-இல் முதல் ஒட்டுத் தலை வந்தது. சிந்துப் பகுதியில் 1852-இலும், இந்தியா முழுமைக்கும் 1854 அக்டோபர் முதல் தேதியிலும் தலைகள் வழக்குக்கு வந்தன. அன்று முதல் தூரக்கணக்கு ஒழிந்தது. கால் தோலாவுக்கு அரை அணா, ஒரு தோலாவுக்கு இரண்டு அணா என்றாயிற்று. ரூபாய் கொடுத்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு போதுமானதாயிற்று. அதுவரை முத்திரையே ரசீது. அதன்பின் தலையை மீண்டும் பயன்படுத்தாதபடி அடிக்கும் கருவியாக முத்திரை மாறியது.

தப்பிய கடிதம் சொல்வது

எஞ்சிய எட்டாவது கடிதத்தைப் பார்ப்போம். உள்ளே 1847 என்ற ஆண்டு இருக்கிறது, எழுதிய இடம் சென்னை, முகவரி சேலம். வெளியே சிவப்பு முத்திரையும், மையில் எழுதிய அணாத் தொகையும் உள்ளன. ஆக, எவ்வூரில், எவ்வாண்டில், எந்த முத்திரை, எவ்வளவு தொகைக்கு விழுந்தது என்ற நான்கையும் ஒரே தாள் சொல்லிவிடுகிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் தொடங்கிவைத்த காப்பிப் பயிர், நம் மலைக்குக் கடிதப் போக்குவரத்தையும் கொண்டுவந்தது என்பதற்கு என் கையிலுள்ள சான்று இதுவே.

நோட்டில் ஒட்டிய ஏழு துண்டுகளோ ஊமைகள். 'பெய்டு' என்று ஒன்று சொல்கிறது. யார், எங்கே, எப்போது என்றால் மௌனம்.

இத்துறையில் இறங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறுகிறேன். முத்திரையை ஒருபோதும் கத்தரிக்காதீர்கள். தண்ணீரில் நனைக்காதீர்கள், பழைய மை கரைந்துவிடும். ஒட்டு நாடா கூடாது. மங்கிய எழுத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். முத்திரையின் வடிவம், நிறம், மில்லிமீட்டர் அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் குறியுங்கள். கடிதத்தின் மேல் எழுதாதீர்கள். உள்ளிருக்கும் தேதியைப் படியுங்கள். ஆண்டில்லாத முத்திரைக்கு அதுவே ஆண்டைத் தரும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அந்தக் கடிதத்தைத் தாத்தாவிடம் காட்டி எல்லாம் விளக்கினேன். "அன்னிக்கே ஏன் தாத்தா நீங்க என்னைத் தடுக்கலை?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னடா தெரியும்? எழுத்து இருக்குதே, எறியக் கூடாதுன்னு வச்சிருந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

படிப்பில்லாமலே அவர் காத்தார். படிக்கப் போன நான் எரித்தேன். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். பழைய காகிதக் கடைக்காரரின் தராசில் ஏற்றுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.