பழைய அரிவாளுக்குப் புதுவாழ்வு

ஆயுத பூஜை நாளன்று வீட்டிலுள்ள கத்தி, அரிவாள், மண்வெட்டி யாவற்றையும் துடைத்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் அவற்றுள் சிலவே வேலைக்குத் திரும்புகின்றன. துருவேறியதும், பிடி ஆடுவதும், வாய் மழுங்கியதும் பரணுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்ச் சேருகின்றன. பாட்டனார் காலத்தில் உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த நல்ல எஃகு அரிவாளை எடைக்குப் போட்டுவிட்டு, அதனினும் தாழ்ந்த ஒன்றைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவோர் பலர். இந்த நட்டம் தவிர்க்கக்கூடியதே.

ஓய்வு நேரத்தில் பழைய கத்திகளைச் சீர்செய்வதையும், தம் கைக்கேற்பப் பிடி மாற்றி அமைப்பதையும் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே பயில்கின்றனர். நம் கிராமங்களுக்கு இது பொழுதுபோக்காகவும் சிக்கனமாகவும் அமையும். இதற்கு வேண்டிய முறைகளையும், எக்காரணம் கொண்டும் மீறலாகாத ஒரு விதியையும் இக்கட்டுரையில் காண்போம்.

நாம் செய்த தவறு

அவ்விதியை நாம் கற்ற விதத்தை முதலில் கூறிவிடுகிறோம். நம் வீட்டுப் பரணில் கிடந்த வெட்டரிவாள் ஒன்றைச் சீர்செய்ய விரும்பி, நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மின்சாரத்தால் சுழலும் சாணைக்கல்லில் அதைப் பிடித்தோம். பொறி பறந்தது, கால் மணி நேரத்தில் வாய் பளபளத்தது. ஒரு விரல் நீளத்துக்கு விளிம்பு நீல நிறம் பெற்றிருந்தது. அதுவும் ஓர் அழகென்றே எண்ணினோம். மறுநாள் காய்ந்த கருவேலங் கிளையொன்றை வெட்டியபோது, நீலம் படர்ந்த அந்த இடமே மடங்கிப் போயிற்று.

அரிவாளைக் கொல்லரிடம் எடுத்துச் சென்றோம். அவர் நீலக் கறையை விரலால் தொட்டுக் காட்டி, "தோய்ச்சல் போய்விட்டதுங்க. கல்லில் போனதைக் கல்லால் கொண்டுவர முடியாது, உலையில்தான் கொண்டுவர வேண்டும்" என்றார். அந்த ஒரு சொல்லில் இக்கலையின் சாரம் அடங்கியிருக்கிறது.

தோய்ச்சல் என்பது யாது?

இரும்புடன் கார்பன் என்னும் கரிப்பொருள் சிறிதளவு சேர்ந்தால் எஃகு உண்டாகிறது. கத்திக்கும் அரிவாளுக்கும் ஏற்ற எஃகில் இது ஏறத்தாழ 100-க்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை இருக்கும். இத்தகைய எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சட்டெனத் தோய்த்தால் மிகுந்த கடினம் பெறுகிறது. ஆனால் கண்ணாடியைப் போல் எளிதில் உடையும் தன்மையும் உடன் வருகிறது. ஆகவே கொல்லர் அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி, கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகிறார்.

அவ்வாறு வாட்டும்போது, தேய்த்து மெருகேற்றிய எஃகின் மேல் நிறங்கள் தோன்றும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிறிய வைக்கோல் நிறமும், 255 டிகிரி அளவில் பழுப்பும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் காணப்படும். சூடு ஏற ஏற எஃகின் கடினம் குறைகிறது. கூர்மை நெடுநாள் நிற்க வேண்டிய கத்திக்கு வைக்கோல் நிறமும், அடிபடும் அரிவாளுக்குப் பழுப்பை ஒட்டிய நிறமும் ஏற்றவை. நீலம் வளைந்து நிமிரும் வில்லுக்கு உரிய பதமாகும்; வெட்டும் வாய்க்கு அது ஆகாது. கல்லின் உராய்வால் மெல்லிய விளிம்பு நொடிப்பொழுதில் இச்சூட்டை எட்டிவிடும். தகட்டின் நடுப்பகுதி அப்போதும் குளிர்ந்தே இருக்குமாதலால் கை அதை உணராது.

எனவே நம் விதி இதுவே: விரல் தாங்காத சூடு வாய்க்கு ஆகாது. உலை வேலை கொல்லருடையது. கல்லும் நீரும் பொறுமையும் நம்முடையவை.

இப்பதமறிந்த திறன் நம் மண்ணுக்குப் புதியதன்று. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், பண்டை நாளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. சேலம் வட்டாரத்தில் மூசையிலிட்டு எஃகு உருக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடைபெற்றது. இந்திய எஃகின் சிறப்புக்குக் காரணம் யாதென அறிய விரும்பி, மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1819-ஆம் ஆண்டில் அதனைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். நம் ஊர்க் கொல்லரின் கைப்பழக்கம் அந்த நீண்ட மரபின் தொடர்ச்சியே.

சீர்செய்யத் தக்கது எது?

எல்லாப் பழைய அரிவாளும் உழைப்புக்கு ஈடு தருவதில்லை. முதலில் தகட்டை நன்கு துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் விரிசல் காணப்பட்டால் அதை ஒதுக்கிவிடுதலே நலம். ஓங்கி வெட்டும்போது அது தெறித்துக் கண்ணைப் பறிக்கக்கூடும். அடுத்து, ஓர் அரத்தை வாயோரத்தில் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அரம் பற்றாமல் வழுக்கினால் தோய்ச்சல் நன்றாயிருக்கிறது. வெண்ணெயைப் போல் எளிதில் அராவினால், ஒன்று அது வெறும் இரும்பு, அல்லது தோய்ச்சல் போனது. பின்னதைக் கொல்லர் மீட்டுத் தருவார். லாரியின் பழைய வில்தகட்டில் அடித்த அரிவாளை ஒருபோதும் கழிக்க வேண்டாம். அது நல்ல எஃகாகும்.

துருவை நீக்குதல்

மேல்துருவுக்கு மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்திருந்து, செங்கற்பொடியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தாலே போதும். ஆழமாகப் பற்றிய துருவுக்குப் புளிக்கரைசல் உதவும். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கிறது. அதிக நேரம் விட்டால் எஃகையும் அரிக்கும். ஆகவே சில மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு நீங்கியதும் சமையற் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசுக. ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்திலேயே புதுத் துரு படரும். கருமை படிந்த பழைய தகட்டை வெள்ளி போலாக்க முயல வேண்டுவதில்லை, அக்கருமை தீங்கற்றது.

பிடி அமைத்தல்

ஆடும் பிடியே பல விபத்துகளுக்குக் காரணம். பிடிக்குக் கருவேலம், பூவரசு போன்ற நன்கு உலர்ந்த மரம் ஏற்றது. மரத்தின் நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொடுமளவு பருமன் இருத்தல் தகும். ஆடவர் கைக்குச் செய்த பருத்த பிடியைப் பெண்கள் நாள் முழுதும் இறுக்கிப் பிடிக்க நேர்வதால் மணிக்கட்டு நோகிறது. அவரவர் கைக்கேற்பச் செதுக்கிக் கொள்வதே இக்கலையின் பெரும்பயன்.

பிடியின் வாயில் இரும்பு அல்லது பித்தளைப் பூண் இட்டால் மரம் பிளவாது. துளையில் அரக்கும் நுண்ணிய செங்கற்பொடியும் கலந்து நிரப்பி, தகட்டின் அடிமுனையைச் சூடேற்றி உள்ளே செலுத்துவது பழைய முறை. அவ்வாறு செய்யும்போது வாய்ப்பகுதியை ஈரத்துணியால் நன்கு சுற்றியிருக்க வேண்டும். நம் விதி இங்கும் பொருந்தும். இறுதியில் பிடிக்கு எண்ணெய் ஊட்டி ஒரு நாள் உலர விடுக.

தீட்டுதல்

ஒரு புறம் கரடாகவும் மறுபுறம் மென்மையாகவும் உள்ள தீட்டுக்கல் ஒன்று போதும். கல்லை நீரில் நனைத்து, ஆடாதவாறு ஈரச்சாக்கின் மேல் வைக்க வேண்டும். சமையற் கத்தியானால், அதன் முதுகை அகலத்தில் நாலில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் சுமார் 15 டிகிரிச் சாய்வு கிடைக்கும். வெட்டரிவாளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு உயரம் வேண்டும். சாய்வு குறைந்தால் வாய் மெலிந்து பெயர்ந்துவிடும். வளைந்த அரிவாளைக் கட்டையில் இறுக்கிவிட்டு, கல்லை அதன்மேல் நகர்த்துதல் எளிது.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் நூல் போன்ற பிசிர் எழும். விரலை முதுகிலிருந்து வாய்க்குக் குறுக்கே மெல்ல நகர்த்தி அதை அறியலாம். வாயின் நீளத்தில் விரலை ஓட்டலாகாது. பிசிர் முழு நீளமும் எழுந்த பின்பே மறுபக்கம் திருப்ப வேண்டும். பிறகு மென்கல்லில் இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரைப் போக்குக. செய்தித்தாளை இழுபடாமல் அறுத்தால் வேலை முடிந்தது.

நெல்லறுக்கும் கருக்கரிவாளைக் கல்லில் தீட்டலாகாது, பற்கள் மழுங்கிவிடும். கருக்கு வெட்டுவது கொல்லர் வேலை. இடக்கைப் பழக்கமுள்ளோர் அதைச் சொல்லிச் செய்துகொள்வது நலம்.

எச்சரிக்கையும் எல்லையும்

தேய்க்கும்போது கண்ணாடி அணிவதும், சிறுவரை விலக்கி வைப்பதும் இன்றியமையாதவை. காயம் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வில்வாதம் என்னும் கொடிய நோய் துருவினால் வருவதன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி காயத்தில் புகுவதால் வருவது. உழவர் கருவி எப்போதும் மண்ணில் புழங்குவதால் கவனம் தேவை.

மாற்றியமைப்பது என்பது கருவியை ஆயுதமாக்குவது ஆகாது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கே அவற்றில் விலக்கு உண்டு. எனவே நாம் சீர்செய்வது உழைக்கும் கருவியாகவே இருக்கட்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

தை அறுவடைக்கு முன், மார்கழியில் ஒரு நாளைத் தீட்டு நாளாக ஊர்ப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். பொது இடத்தில் நிழலும் நீரும் நாலைந்து தீட்டுக்கற்களும் இருந்தால் போதும். அன்று ஊர்க் கொல்லரை அழைத்து, தோய்ச்சல் போனவற்றையும் கருக்கு மழுங்கியவற்றையும் அவரிடம் ஒப்படைத்து, உரிய கூலியைக் கையோடு தர வேண்டும். ஊரில் உலை அணைந்திருந்தால் அண்டை ஊர்க் கொல்லரை அழைக்கலாம். வேலை தேடி வந்தால்தான் துருத்தி ஓடும். துருத்தி ஓடினால்தான் அவர் மகன் அருகிலமர்ந்து நிறம் பார்க்கப் பழகுவான். வைக்கோல் நிறத்துக்கும் பழுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டே கற்க வேண்டும். அதை அறிந்த கடைசி மனிதர் உலையை மூடிவிட்டால், ஊரிலுள்ள அத்தனை அரிவாளும் ஒருமுறை பதம் கெட்டதும் பழைய இரும்பே.

நாம் கெடுத்த அரிவாளைக் கொல்லர் மறுபடி காய்ச்சித் தோய்த்துக் கொடுத்தார். பூவரசம் பிடியை நாமே செதுக்கிக் கொண்டோம். நீலம் இருந்த இடம் இன்று தெரியவில்லை. தென்னைமட்டையும் கருவேலங்கிளையும் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. அதைத் தீட்டும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளத் தவறுவதில்லை.