இருக்கை நீளம், இடம் ஒருவருக்குத்தான்

போன வாரம் நான்காம் படிவத்தில் விசையும் இயக்கமும் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், ஏடிவியில ஒருத்தர்தான் உட்காரணும்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு சீட்டை அவ்வளவு நீளமா வச்சிருக்காங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெலாங் பாத்தாவுக்கு வெளியே அவன் மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. வெட்டிய குலைகளை இழுத்து வர மாமா ஓர் ஏடிவி வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறையில் இவன் ஓட்டுவான், பின்னால் தம்பி உட்கார்ந்துகொள்வானாம். தம்பிக்கு ஒன்பது வயது.

நல்ல கேள்விதான். ஆனால் மணி அடித்துவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தில் ஏடிவி ஓட்டாதவர்களும் படிக்கலாம். சுற்றுலா போகும் இடங்களில் இந்த வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள்.

ஏடிவியை மோட்டார் சைக்கிளுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொள்கிறோம். கைப்பிடி இருக்கிறது, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருகிறோம், கூடுதலாக இரண்டு சக்கரம் வேறு. அதனால் விழாது என்று ஒரு நம்பிக்கை. நம் வீடுகளில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே அப்பாவின் மோட்டாரில் ஏறிப் பழகியவர்கள். பின்னால் ஒருவர் உட்காருவது நமக்கு அவ்வளவு இயல்பு.

ஆனால் மோட்டார் சைக்கிள் வளைவில் உள்பக்கம் சாயும். பின்னால் இருப்பவரும் அதோடு சேர்ந்து சாய்வார். ஏடிவி அப்படிச் சாயாது. அதன் நான்கு சக்கரமும் தரையில் பரவி நிற்கும். சாய வேண்டியவர் ஓட்டுநர். மேட்டில் ஏறும்போது அவர் முன்னால் நகர்ந்து குனிய வேண்டும், இறங்கும்போது பின்னால் நகர வேண்டும், வளைவிலும் பக்கச் சரிவிலும் உடலை இடமோ வலமோ தள்ள வேண்டும். இப்படி நகர்வதற்காகத்தான் இருக்கையை நீளமாக வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தம்பியை உட்கார வைத்தால் அண்ணனால் நகர முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த நிலைத்தன்மைப் பாடம் நினைவிருக்கிறதா? அடித்தளம் அகலமாகவும் ஈர்ப்பு மையம் தாழ்வாகவும் இருந்தால் பொருள் எளிதில் கவிழாது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே போகும் கோடு அடித்தளத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் கவிழ்ந்துவிடும்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. வண்டி 250 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ.; அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 45 செ.மீ. ஓட்டுநர் 70 கிலோ, அவருடைய ஈர்ப்பு மையம் 110 செ.மீ. உயரத்தில்.

இரண்டையும் சேர்த்தால்: (250 × 45 + 70 × 110) ÷ 320 = 59 செ.மீ. பக்கவாட்டில் கவிழும் கோணத்தின் டேன்ஜென்ட் 45 ÷ 59 = 0.76. கோணம் ஏறக்குறைய 37 பாகை.

இப்போது 60 கிலோ எடையுள்ள ஒரு நண்பன் அதே உயரத்தில் பின்னால் ஏறுகிறான். கூட்டு ஈர்ப்பு மையம் 67 செ.மீ. உயரத்துக்குப் போகிறது, கோணம் 34 பாகையாகக் குறைகிறது. மூன்று பாகைதானே என்று நீங்கள் கேட்பீர்கள், வகுப்பிலும் கேட்டார்கள். ஓட்டுநர் தனியாக இருந்தால் சரிவில் மேட்டுப் பக்கம் 25 செ.மீ. நகர்ந்து 37 பாகையை 40 ஆக்கிக்கொள்ள முடியும். நண்பன் இருந்தால் அதற்கு வழியில்லை. அதோடு, பழக்கமில்லாத அவன் பள்ளத்தின் பக்கம் 20 செ.மீ. சாய்ந்துவிட்டால் கோணம் 32 பாகைக்கு இறங்கிவிடும். ஆக, வித்தியாசம் எட்டுப் பாகை.

அதைவிட மோசமானது பின்பக்கமாகக் கவிழ்வது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 120 செ.மீ., வண்டியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால், ஓட்டுநர் 50 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். தனியாக மேடேறினால் ஏறக்குறைய 44 பாகைச் சரிவில்தான் வண்டி பின்னால் புரளும். நண்பன் உட்காருவது பின் அச்சுக்கு நேர் மேலே. அவன் ஏறியதும் அது 36 பாகையாகிவிடுகிறது. இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. மேட்டில் கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைத் திடீரென்று அழுத்தினால் முன்பக்கம் இன்னும் தூக்கும். ஒரு வேரோ கல்லோ தட்டினாலும் அப்படித்தான். உண்மையில் வண்டி புரளும் சரிவு இந்த எண்களைவிடக் குறைவாகவே இருக்கும்.

முன்பக்கம் லேசாகிவிட்டால் கைப்பிடியைத் திருப்பியும் வண்டி திரும்ப மறுக்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஏடிவிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருக்கும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமே போக வேண்டும் என்பதால் அது கொஞ்சம் சறுக்கியாக வேண்டும். பின்னால் 60 கிலோவை ஏற்றித் தரையோடு அழுத்தினால் எப்படிச் சறுக்கும்? வண்டி நேராகவே போகும், கால்வாயோ செம்பனை மரமோ எதிரில் வரும் வரை.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒன்று: இந்த விபத்தில் அடி தலைக்கு மட்டும் படுவதில்லை. 250 கிலோ வண்டி மார்பின் மேல் கிடந்தால் எலும்பு முறியாமலேயே மூச்சு நின்றுவிடலாம், ஏனென்றால் மூச்சிழுக்க விலாக்கூடு விரிய வேண்டும். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்தான், இதற்கு மட்டும் அது உதவாது. பின்பக்கமாகப் புரளும்போது முதலில் அடியில் சிக்குவது பின்னால் இருப்பவர். அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, கால் வைக்கவும் தனி இடம் கிடையாது. ஓட்டுநரின் சட்டையைத்தான் பிடித்திருப்பார்.

இந்த வண்டியின் வரலாறே நிலைத்தன்மைப் பாடம்தான். 1970-இல் ஹோண்டா கொண்டுவந்த வண்டிக்கு மூன்றே சக்கரம். அமெரிக்காவில் விபத்துகள் பெருகி, 1988-இல் அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே நீதிமன்றம் வழியாக உடன்பாடு ஏற்பட்டு, புதிய மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை அங்கே நின்றது. நான்காவது சக்கரம் அடித்தளத்தை அகலமாக்கியது. ஆனாலும் கவிழ்வது நிற்கவில்லை. பண்ணைகளில் பலர் இறந்ததால் ஆஸ்திரேலியா 2019-இல் ஒரு பாதுகாப்புத் தரத்தை அறிவித்தது. 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் பொதுப் பயன்பாட்டுப் புதிய ஏடிவிகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுநர் முழுதாக நசுங்காமல் இடைவெளி கொடுக்கும் வளைவு போன்ற காப்புச் சாதனம் இருக்க வேண்டும்.

இருவர் போகவென்றே செய்த ஏடிவிகளும் உண்டு. அவற்றில் அச்சுகளுக்கு இடையே தூரம் அதிகம். பின்னால் இருப்பவருக்குத் தனி இருக்கை, கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் இருக்கும். அதிலும் ஒருவர்தான் கூடுதலாக ஏறலாம், அவருடைய கால் அந்த இடத்தை எட்ட வேண்டும். உங்கள் முன்னால் நிற்கும் வண்டி எந்த வகை என்பதை இருக்கையின் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டைப் பாருங்கள். பெரியவர்களுக்கான வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அகலமான அட்டைப் புத்தகத்தில் ஒரு பொம்மை லாரியைக் குறுக்காக நிறுத்துங்கள். புத்தகத்தின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தி, லாரி கவிழும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். லாரி சறுக்கினால் புத்தகத்தின் மேல் ஒரு மணல்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு லாரியின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மறுபடியும் அளங்கள். அடுத்து இரண்டாவது உருண்டையைப் பின்னால் வையுங்கள். லாரியை மேடேறுவது போல் நீளவாக்கில் நிறுத்தியும் செய்து பாருங்கள். எந்தப் பக்கம் கோணம் அதிகம் குறைகிறது என்று தெரியும்.

அந்த மாணவன் திங்கட்கிழமை ஒரு படத்தைக் காட்டினான். மாமாவின் ஏடிவியில் பின்சக்கரத்து மட்கார்டின் சேற்றைத் துடைத்தபோது கிடைத்ததாம்: வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் சின்னப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. "மூணு வருஷமா சேறுதான் டீச்சர் மறைச்சிருக்கு" என்றான். தம்பி இரண்டு நாளாக அவனோடு பேசவில்லையாம்.